பர்மா கால்பந்து 2009-இல் பிறக்கவில்லை

மாண்டலேயின் யதனாபொன் கிளப்பைப் பற்றி எழுதுகிறவர்கள், 2009-இல் தொழில்முறை லீக் வந்த பிறகுதான் பர்மாக்காரன் பந்தையே பார்த்தான் என்பதுபோல எழுதுகிறார்கள். எனக்குக் கோபம் வருகிறது. அந்த கிளப் 2010-இல் ஆசிய பிரெசிடென்ட்ஸ் கோப்பையை வென்றது, நான் மறுக்கவில்லை. ஆனால் ஆசிய விளையாட்டில் 1966-இல் தங்கம், 1970-இல் தென்கொரியாவோடு பகிர்ந்த தங்கம் வாங்கினார்களே, அப்போது எந்தத் தொழில்முறை கிளப் இருந்தது? லீக் வருமுன் ரங்கூனில் கொடிகட்டிப் பறந்தவை அமைச்சகங்களின் அணிகள். நிதி, வருவாய்த் துறை அணி பலமுறை சாம்பியன்!

நான் கோப்புகளோடு வாழ்ந்த குமாஸ்தா. புதுக் கோப்பு திறந்தால் முதல் தாளில் பழைய கோப்பின் எண்ணைக் குறிக்க வேண்டும். யதனாபொன்னின் முதல் தாளிலும் 1966 இருக்கட்டும் ஐயா!