மூட்டைக்கு எவ்வளவு?

சங்கம் வைத்தால் கூலி ஏறும், கூலி ஏறினால் விவசாயம் படுத்துவிடும் என்பது தஞ்சை மிராசுகளின் பழைய பேச்சு. கூலி ஏறியது உண்மை. விவசாயம் படுத்ததற்குக் காரணம் தேடினால் காவிரித் தண்ணீரைத் திறந்துவிடும் மேட்டூர் அணை வரை போக வேண்டியிருக்கும்.

1943-இல் கம்யூனிஸ்ட் தலைவர் பி. சீனிவாசராவ் வந்து தென்பரையில் விவசாயிகள் சங்கம் வைத்தபோது முதலில் கேட்டது, பண்ணையாட்களுக்குத் தண்டனையாகக் கொடுத்த சாணிப்பாலும் சவுக்கடியும் ஒழிய வேண்டும் என்பதைத்தான். அடி நின்ற பிறகுதான் மரக்கால் கணக்குப் பேச வாய் வந்தது. 1952-இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஒரு வேலிக்கு மேல் நிலமுள்ளவர் இனி பண்ணையாளை நினைத்தபடி விலக்க முடியாது. பண்ணையாளே இல்லாவிட்டால் சட்டம் யாரைப் பாதுகாக்கும் என்று மிராசுதார்கள் யோசித்தார்கள். பலரைக் கணக்குத் தீர்த்து அனுப்பிவிட்டு, அதே ஆளை அதே வயலுக்கு அன்றாடக் கூலியாகக் கூப்பிட்டார்கள். பாதுகாப்பு போயிற்று, பண்ணையோடு பிணைத்த கட்டும் தளர்ந்தது. அறுப்புக் காலத்தில் நின்று பேரம் பேசியவர்கள் இந்தக் கூலியாட்கள்தான். முற்றிய கதிர் யாருக்காகவும் காத்திருக்காது. நிலக்காரர்கள் வெளியூர் ஆட்களை இறக்கினார்கள். நெல் உற்பத்தியாளர் சங்கம் என்று தாங்களும் ஒரு சங்கம் வைத்துக்கொண்டார்கள். (அந்தச் சங்கத்தால் விவசாயம் கெட்டது என்று யாரும் சொன்னதில்லை.) அரைப்படி நெல் கூடக் கேட்ட தகராறு முற்றி, 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் கூலித் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். மறு வருடம் நியாயக் கூலிச் சட்டம் வந்தது.

இன்று அறுப்பு மிஷினுடையது. கூலி ஏறியதால் மிஷின் வந்தது என்பவர்கள், இளவட்டங்கள் திருப்பூருக்கு பஸ் ஏறியதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பேரம் இப்போது நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் கொள்முதல் நிலையத்தில் நடக்கிறது. நெல்லைத் தூற்றி, 40 கிலோ பிடித்து, சாக்கைத் தைத்து, அட்டி போடும் சுமைதூக்குபவருக்கு மூட்டைக் கணக்கில்தான் கூலி. நெல் வராத நாளில் அதுவும் இல்லை. வானம் கருத்தால், சாலையோரம் நெல்லைக் கொட்டி வைத்திருக்கும் விவசாயியிடம் மூட்டைக்கு நாற்பது ரூபாய், ஐம்பது ரூபாய் என்று நிலையத்தில் கேட்கிறார்கள் என்பது டெல்டா முழுக்க உள்ள புகார். அந்தக் காசில் சுமைக்காரர் கைக்குப் போவது ஒரு பங்குதான். திட்டு மட்டும் முழுதும் அவருக்கு. கழகம் கொடுக்க வேண்டிய கூலியை விவசாயி கொடுக்கிறார். நிர்வாகத்துக்கு இதைவிடச் சல்லிசான சம்பள உயர்வு கிடைக்காது.

விவசாயிகள் சங்கமும் சுமைப்பணிச் சங்கமும் பல ஊர்களில் ஒரே கொடிக்கம்பத்தடியில்தான் கூடுகின்றன. குறுவைக் கொள்முதலுக்கு முன்னால் இரண்டும் சேர்ந்து போய்க் கழகத்திடம் மூட்டைக் கூலியைப் பேசி முடிக்கட்டும். முடிந்த தொகையை நிலைய வாசலில் பெரிதாக எழுதி வைக்கட்டும்.