மழை பெய்த மறுநாள் விளக்கடியில் வெள்ளைப் பூச்சி

தேவிகாபுரத்திலிருந்து ஒரு மானாவாரி விவசாயி கேட்டிருக்கிறார்: "மல்லாட்டை விதைத்து 20 நாள் ஆகிறது. மழை பெய்த மறுநாள் இரவு விளக்கைச் சுற்றி வெள்ளைப் பூச்சிகள் மொய்த்தன. இப்போதே மருந்து அடிக்கலாமா?"

மருந்து வேண்டாம். சும்மா இருக்கவும் கூடாது. வந்திருப்பது சிவப்புக் கம்பளிப்புழுவின் தாய் அந்துப்பூச்சி. வெள்ளை முன் இறக்கையில் பழுப்புக் கீற்றுகளும் முன்விளிம்பில் மஞ்சள் கோடும் இருக்கும். பின் இறக்கையில் கறுப்புப் புள்ளிகள் இருக்கும். கோடு சிவப்பாக இருந்தால் அது இதன் பங்காளி இனம். வைத்தியம் இரண்டுக்கும் ஒன்றுதான்.

பட்டு நெய்கிற ஊரில் அந்துப்பூச்சி என்றதும் பட்டுப்பூச்சி நினைவுக்கு வரும். அதற்குப் பறக்க வராது. இது பறக்கும். பக்கத்துக் கொல்லையில் பிறந்தது நம் கொல்லையில் முட்டையிடும்.

பூச்சி இலையைத் தின்பதில்லை. ஆனால் ஒரு தாய் 600, 700 முட்டைகள் வரை இலையின் அடியில் குவியலாக இடும். மூன்று நாள் வாக்கில் குஞ்சுப் புழுக்கள் வந்து, ஒரே இலையில் கூட்டமாக இருந்து பச்சையைச் சுரண்டும். அந்தச் சில நாள்தான் நமக்குக் கிடைக்கும் தவணை. பிறகு அவை கலைந்து, ரோமம் வளர்ந்து, ஒரு மாதத்துக்கு மேல் தின்னும். காம்பும் தண்டும்தான் மிஞ்சும். வளர்ந்த புழுவுக்கு மருந்து எளிதில் கேட்காது. அடிக்கிற காசு தண்டம்.

ஆகவே மழை பெய்ததுமே இரவு 8 முதல் 11 மணி வரை விளக்குப் பொறி வைக்க வேண்டும். விளக்கின் கீழே அகலமான பாத்திரத்தில் தண்ணீரும் கொஞ்சம் மண்ணெண்ணெயும் போதும். பக்கத்துக் கொல்லைக்காரர்களும் அதே இரவில் வைக்க வேண்டும். ஒருவர் மட்டும் வைத்தால் ஊர்ப் பூச்சியெல்லாம் அவரிடம் வந்து சேரும். பாத்திரத்தில் விழாதவை அங்கேயே முட்டையிடும்.

மறுநாள் காலையிலிருந்து இலையைத் திருப்பிப் பார்க்க வேண்டும். 100 மீட்டர் வரிசையில் 8 முட்டைக் குவியல் இருந்தால் ஆபத்து. அந்த இலைகளைக் கிள்ளி அழிக்கலாம். வரப்போரம் காராமணியோ துவரையோ இருந்தால் முதலில் அங்கே தேட வேண்டும். புழு அடுத்த கொல்லையிலிருந்து ஊர்ந்து வருகிறது என்றால், எல்லையில் ஒரு அடி ஆழத்துக்குச் செங்குத்தாகப் பள்ளம் வெட்டினால் விழுந்ததால் ஏற முடியாது.

இப்போது வந்த பூச்சிகள் போன வருஷமே மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகப் போனவை. கோடை உழவு அவற்றை வெயிலுக்கும் காக்கைக்கும் காட்டிக்கொடுக்கும். ஆனால் பாதிப் பேர் கொல்லையை உழுதுவிட்டு வரப்பையும் மர நிழலையும் விட்டுவிடுகிறார்கள். கூட்டுப்புழு அதிகம் கிடப்பது ஏர் போகாத அந்த இடங்களில்தான். அங்கே மண்வெட்டியால் கொத்த வேண்டும்.