உபரிச் சூரிய மின்சாரத்துக்கு விலை வேண்டிக் கோரிக்கை மனு

அனுப்புநர்: வட்டார விவசாயிகள் சங்க நிர்வாகக் குழு, கமுதி வட்டம், ராமநாதபுரம் மாவட்டம்.

பெறுநர்: மாவட்ட ஆட்சியர் அவர்கள், ராமநாதபுரம்.

நகல்: மேற்பார்வைப் பொறியாளர், மின் பகிர்மானக் கழகம்; செயற்பொறியாளர், வேளாண்மைப் பொறியியல் துறை.

பொருள்: தோட்டத்திலும் வீட்டிலும் அமைக்கப்படும் சோலார் பேனல்களை மின்கம்பியோடு இணைத்து, உபரி மின்சாரத்தை விலைக்கு எடுத்துக்கொள்ளக் கோருதல் தொடர்பாக.



கமுதி வட்டத்தில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் 2016 முதல் இயங்கி வருகிறது. ஏறத்தாழ 2,500 ஏக்கரில் பரந்துள்ள அந்நிலையத்தின் மின்சாரத்தை யூனிட்டுக்கு 7 ரூபாய் 1 காசு வீதம் 25 ஆண்டுகளுக்கு வாங்கிக்கொள்ள 2015-இல் ஒப்பந்தமானது. எங்கள் ஊர் வெயிலுக்கு விலை உண்டு என்பதை அரசே ஏற்றுக்கொண்டதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை. ஆனால் பக்கத்துப் புஞ்சையில் மானியத்தில் தனித்து இயங்கும் சோலார் பம்ப்செட் போட்ட சிறு விவசாயியின் பேனல்கள் எந்தக் கம்பியோடும் இணைக்கப்படவில்லை. மோட்டார் ஓடினால் அந்த மின்சாரம் பயன்படும்; ஓடாத நாளில் வீண். மானியத்தைக் கூட்டித் தரும்படி இச்சங்கம் கேட்கவில்லை. வீணாகும் மின்சாரத்துக்கு இணைப்பும் விலையும் கேட்கிறோம்.

வீணாவது சிறிய அளவு அல்ல. புரட்டாசி, ஐப்பசியில் விதைக்கும் குண்டு மிளகாய் சித்திரையோடு பறித்து முடிகிறது. அதன்பின் அடுத்த மழை தொடங்கும்வரை பெரும்பாலான தோட்டங்களில் மோட்டாருக்கு வேலை இல்லை. பேனலுக்கோ அந்த மாதங்களிலும் நல்ல வெயில் கிடைக்கிறது. தமிழகத்தில் 1 கிலோவாட் பேனல் நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். 5 குதிரைத்திறன் மோட்டாருக்குச் சுமார் 5 கிலோவாட் பேனல் தேவை என்பதால், ஓய்ந்து கிடக்கும் 4 மாதங்களில் மட்டும் ஒரு தோட்டத்தில் ஏறக்குறைய 2,400 யூனிட் பயனற்றுப் போகிறது. மக்கள் பணத்தில் பாதிக்கு மேல் மானியம் கொடுத்து வாங்கிய பொருளை மூன்றில் ஒரு பங்கு ஆண்டு சும்மா நிறுத்திவைப்பது எந்தக் கணக்கிலும் சிக்கனம் ஆகாது. 2019-இல் தொடங்கிய பிரதமரின் குசும் திட்டத்தின் மூன்றாம் பிரிவு, மின் இணைப்புள்ள பம்ப்செட்டுகளில் பேனல் பொருத்தி உபரியைக் கம்பியில் ஏற்ற வழிசெய்கிறது. எனவே நாங்கள் கேட்பதற்குப் புதிய சட்டம் வேண்டியதில்லை.

நலிந்த மின் நிறுவனத்தின் தலையில் இன்னொரு சுமையா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 2015-இன் விலையை நாங்கள் கேட்கவில்லை; 2017 ஏலத்திலேயே தமிழகத்தில் சூரிய மின்சாரம் 3 ரூபாய் 47 காசுக்கு இறங்கிவிட்டது. ஒழுங்குமுறை ஆணையம் இன்றைய நிலவரப்படி நிர்ணயிக்கும் விலை போதும். விவசாய இலவச மின்சாரத்தின் செலவை மாநில அரசு ஆண்டுதோறும் மானியமாக ஈடுகட்டுகிறது. பகலில் தன் பேனலிலேயே ஓடும் ஒவ்வொரு மோட்டாரும் அந்தச் செலவைக் குறைக்கும். மேலும், நெடுந்தொலைவு கம்பியில் வந்து கடைக்கோடி ஊரைச் சேரும்போது ஏற்படும் இழப்பு, அதே ஊரில் உற்பத்தியாகும் மின்சாரத்துக்குக் குறைவு. மாலை 6 மணிக்கு மேல் ஏறும் தேவைக்கு இது உதவாது என்பது உண்மைதான். பகல் மின்சாரத்துக்குப் பகல் மின்சாரத்தின் விலையே கேட்கிறோம்.

நிலத்தடி நீர் வற்றிவிடும் என்ற அச்சம் இன்னும் கனமானது. செலவில்லாத மின்சாரம் கையில் இருந்தால் தேவைக்கு மேல் இறைக்கத் தோன்றும். எங்கள் பகுதியிலோ அளவுக்கு மீறி இறைத்தால் தண்ணீர் உப்பாகிவிடும். ஆனால் அந்த ஆபத்து இன்றைய ஏற்பாட்டில்தான் அதிகம். இறைப்பதைத் தவிர வேறு பயனில்லாத பேனல், இறைக்கத்தான் சொல்லும். குஜராத் மாநிலம் கேடா மாவட்டத்தின் துண்டி கிராமத்தில் 2016-இல் விவசாயிகள் கூட்டுறவாகச் சேர்ந்து, உபரி மின்சாரத்தை யூனிட்டுக்கு 4 ரூபாய் 63 காசுக்கு மின் நிறுவனத்திடம் விற்க 25 ஆண்டு ஒப்பந்தம் செய்தனர். அங்கே வீணாக ஓடும் மோட்டார் விவசாயியின் சொந்த வருமானத்தைத் தின்னும். சொட்டுநீர்ப் பாசனத்தைக் கட்டாய நிபந்தனையாக வைத்தாலும் ஏற்கிறோம். எங்கள் உறுப்பினர்களின் தயக்கம் வேறிடத்தில் இருக்கிறது. மீட்டர் என்றதுமே, 1970-களில் கட்டணப் போராட்டங்களில் உயிர்ப்பலி கொடுத்த தலைமுறையின் வாரிசுகளுக்கு இலவச மின்சாரம் பறிபோகும் அச்சம் வருகிறது. பொருத்தப்படும் மீட்டர் வெளியே செல்லும் மின்சாரத்தை மட்டுமே கணக்கிடும், இருக்கும் இலவச இணைப்பு தொடரும் என்று எழுத்துப்பூர்வமாக உறுதியளித்தால் ஒழிய இத்திட்டம் ஊருக்குள் நுழையாது.

வீடுகளின் நிலை வேறு. 2024-இல் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டம் 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாயும், 3 கிலோவாட்டுக்கும் அதற்கு மேலும் 78,000 ரூபாயும் மானியம் தருகிறது. இரு மாதங்களுக்கு 100 யூனிட் இலவசம் போக மிகக் குறைவாகவே கட்டணம் கட்டும் கிராமத்து வீட்டுக்கு, மீதித் தொகையைக் கடன் வாங்கிப் பேனல் போடுவது கட்டுப்படியாகாது. ஓட்டு வீட்டிலும் ஆஸ்பெஸ்டாஸ் கூரையிலும் பேனலை ஏற்றுவதும் எளிதல்ல. மின் இணைப்பு காலமான தாத்தா பெயரிலேயே இருக்கும் வீடுகள் விண்ணப்பத்தின் முதல் படியைக்கூடத் தாண்டுவதில்லை. ஆகவே, கூரைக்குக் கூரை தேடி அலைவதைவிட, ஊராட்சியின் தரிசு நிலத்தில் பொதுவாக அமைத்து வீடுகளின் கணக்கில் பங்கிடுவதே பொருந்தும். கோவை மாவட்டம் ஓடந்துறை ஊராட்சி 2006-இலேயே சொந்தமாக 350 கிலோவாட் காற்றாலை நிறுவி மின்சாரம் விற்றது. குசும் திட்டத்தின் முதல் பிரிவும் 500 கிலோவாட் முதல் 2 மெகாவாட் வரை ஊராட்சிகளும் விவசாயிக் குழுக்களும் நிறுவ இடமளிக்கிறது. 500 கிலோவாட்டுக்கு இரண்டு, இரண்டரை ஏக்கர் போதும்.

கம்பியில் மின்சாரம் நின்றால், லைன்மேனின் பாதுகாப்புக்காக இன்வெர்ட்டரும் தானாக நின்றுவிடும். அடிக்கடி மின்தடை ஏற்படும் வழித்தடத்தில் பேனல் இருந்தும் பயன் இராது என்பதால், வழித்தடங்களைச் சீரமைப்பது இதன் முதல் வேலையாக இருக்க வேண்டும். அத்துடன், கமுதி வட்டத்தின் எந்தத் துணை மின் நிலையத்தில் எவ்வளவு கொள்ளளவு மீதமுள்ளது என்ற பட்டியலை வெளியிடவும், மின் இணைப்புப் பெயர் மாற்றத்துக்கு ஊராட்சிதோறும் முகாம் நடத்தவும், விருப்பமுள்ள விவசாயிகளைக் கொண்டு ஒரு வழித்தடத்தில் உபரி மின் விற்பனையை முன்னோட்டமாகத் தொடங்கவும் வேண்டுகிறோம். இவற்றின் மீது எடுக்கப்படும் முடிவை அடுத்த விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் தெரிவிக்குமாறு தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
சங்க நிர்வாகக் குழுவினர்