ஆறு மணிக்குக் கூவுவது யாரு?

தோட்டத்தில் புதுசா ஒரு சத்தம் கேட்டால், 'ஏதோ குருவி' என்று சொல்லிவிட்டு மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறோம். இயற்கை விவசாயி அப்படிப் போகக்கூடாது என்பது என் கட்சி. மண்புழுவைப் பார்த்து மண்ணைக் கணிக்கிற நாம், குரலைக் கேட்டுத் தோட்டத்தையும் கணிக்கலாம்.

ஆறுமணிக் குருவியை எடுத்துக்குவோம். காலையும் மாலையும் ஆறு மணி வாக்கில் இரண்டு சுரத்தில் சீழ்க்கை அடிக்கும். பேரே அதனால் வந்ததுதான். மைனாவைவிடச் சின்னது, குட்டை வால், பச்சை முதுகு, அடிவயிற்றில் சிவப்பு. இத்தனை நிறம் இருந்தும் புதருக்குள் கண்ணில் படுவது அபூர்வம். காதுதான் முதலில் கண்டுபிடிக்கும். இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் கூடு கட்டிவிட்டு, குளிர்காலத்துக்குத் தெற்கே வருகிற விருந்தாளி அது. நம்ம தென்காசிப் பக்கம், குற்றாலச் சாரல் ஓய்ந்து சில வாரம் கழித்துக் காதைத் தீட்டிக்கொள்ளணும்.

இதில் விவசாயிக்கு என்ன இருக்கு? அது தரையில் சருகைப் புரட்டிப் பூச்சி, புழுவைத் தின்று வாழ்வது. சருகைக் கூட்டித் தீ வைக்கிற தோப்பில் அதற்கு இரை ஏது? வருஷா வருஷம் அது வந்து தங்கினால், உங்க மூடாக்கில் உயிர் இருக்குன்னு அர்த்தம். செலவில்லாத தணிக்கை இது! ஒரு நாள் கேட்டதை வைத்து முடிவு கட்டிவிட வேண்டாம், வழிப்போக்கனாகவும் இருக்கலாம். தேதி, நேரம், இடம் மூன்றையும் நோட்டில் எழுதி வையுங்க.

கார்னெல் பல்கலைக்கழகத்தின் 'மெர்லின்' செயலி, குரலைக் கேட்டுப் பேர் சொல்கிறது, காசு கிடையாது. தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆனால் வங்கியில் கையெழுத்தை ஒத்துப் பார்க்காமல் காசோலைக்குப் பணம் தரமாட்டோம். அதுபோல, கண்ணாலும் ஒரு தடவை பார்த்த பிறகே பேரை உறுதி செய்யணும். துடுப்புவால் கரிச்சான் மற்றப் பறவைகள் மாதிரியே குரல் கொடுத்து ஏமாற்றும். மலை ஓடைப் பக்கம் ஆள் சீழ்க்கை அடிப்பது போலக் கேட்டால், அது சீகாரப் பூங்குருவியாக இருக்கலாம். பதிவு செய்த குரலைத் திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பது மட்டும் வேண்டாம். அது இரை தேடும் நேரத்தைக் கெடுக்கும்.

2015 முதல் பொங்கலையொட்டிப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. இந்தக் குருவி இங்கே இருக்கிற சமயம்தான் அது. நம்ம தோட்டங்களும் அந்தக் கணக்கில் ஏறட்டும். அதற்கு முன்னால் ஒரு வேலை: வேலியோரத்துப் புதரையும் சருகையும் இந்த வருஷம் தொடாமல் விட்டுவையுங்க.