வாடகைக்கு விட்ட வீடு கைவிட்டுப் போகுமா?

நெல்லுக்கும் தென்னைக்கும் வரும் கேள்விகளோடு, சில மாதங்களாக வீட்டு வாடகை பற்றியும் கடிதங்கள் வருகின்றன. பிள்ளைகள் வேலைக்குப் போய்விட, ஊரில் பூர்வீக வீடு சும்மா கிடக்கிறது. மாதம் இரண்டாயிரம், மூவாயிரம் வந்தால் உரச் செலவுக்காவது ஆகுமே என்று வாடகைக்கு விடுகிறார்கள். சிக்கல் வரும்போதுதான் சட்டம் நினைவுக்கு வருகிறது. இந்த இதழில் அப்படி வந்த மூன்று கேள்விகளை எடுத்துக்கொள்கிறேன்.

“பல்லடம் பக்கத்தில் ஒரு கிராம ஊராட்சி எங்கள் ஊர். கணவர் காலமான பிறகு இரண்டு ஏக்கர் தோட்டத்தை நான்தான் பார்க்கிறேன். ஊருக்குள் இருக்கும் ஓட்டு வீட்டை ஒன்பது வருடமாக ஒரு குடும்பத்துக்கு மாதம் 3,000 ரூபாய் வாடகைக்கு விட்டிருக்கிறோம். எழுத்து எதுவும் இல்லை. ஐந்து மாதமாக வாடகை வரவில்லை. மகன் குடும்பத்தோடு ஊருக்குத் திரும்புவதால் வீடு வேண்டும். காலி செய்யச் சொன்னால், ‘பன்னிரண்டு வருடம் ஆனால் வீடு எங்களுக்கே சொந்தம்’ என்கிறார்கள். கரண்டை நிறுத்து, பூட்டுப் போடு என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். என்ன செய்வது?” - பெயர் வெளியிட விரும்பாத வாசகி

முதலில் பயத்தை விடுங்கள் சகோதரி. வாடகைக்கு இருப்பவர் எத்தனை வருடம் இருந்தாலும் வாடகைக்காரர்தான். உங்கள் சம்மதத்தோடு குடியேறி, வாடகை கொடுத்து வந்தவர், அங்கே இருந்துகொண்டே ‘வீடு உங்களுடையது அல்ல’ என்று சொல்லச் சாட்சியச் சட்டம் இடம் தராது.

பன்னிரண்டு வருடக் கதைக்கு ஒரு மூலம் உண்டு. வாடகை உறவை முறையாக முடித்துவிட்டால், அந்த நாளிலிருந்து 12 ஆண்டுகளுக்குள் வீட்டை மீட்க வழக்குப் போட வேண்டும் என்கிறது காலவரையறைச் சட்டம். ஆக, நோட்டீஸ் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்துவிடக் கூடாது. குடியேறிய நாளிலிருந்து எண்ணும் கணக்கு அல்ல அது.

விவசாயிகளின் பயத்துக்கு இன்னொரு காரணம் குத்தகை நிலம். 1955-ஆம் ஆண்டின் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டப்படி, உழைத்துச் சாகுபடி செய்யும் குத்தகைதாரரை எளிதில் வெளியேற்ற முடியாது. அந்த உரிமை வாரிசுக்கும் போகும். 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி அவர் பெயர் குத்தகைப் பதிவேட்டிலும் ஏறும். அது நிலத்துக்கானது. வாடகை வீட்டுக்குப் பொருந்தாது.

பூட்டுப் போடலாமா?

வேண்டவே வேண்டாம். நீதிமன்ற உத்தரவு இல்லாமல் ஒருவரை வெளியேற்றினால், அவர் ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டு மறுபடி குடியேறலாம். வீடு யாருடையது என்ற கேள்வியே அந்த வழக்கில் எழாது. கரண்டையும் தண்ணீரையும் நிறுத்தினால், காவல் நிலையத்தில் உங்கள் மேல்தான் புகார் போகும். வாடகை பாக்கி வைத்தவர் பாதிக்கப்பட்டவர் ஆகிவிடுவார்.

சரியான வழி

ஒன்று: ஆவணங்களை எடுத்து வையுங்கள். வீட்டு வரி ரசீது, மின் இணைப்பு, பட்டா ஆகியவை இன்னும் கணவர் பெயரிலேயே இருந்தால், வாரிசுச் சான்றிதழ் வாங்கிப் பெயர் மாற்ற விண்ணப்பியுங்கள். வாரிசுகள் எல்லோரும் ஒரே பக்கம் நிற்பது முக்கியம். வாடகை வங்கியிலோ போனிலோ வந்திருந்தால் அந்தக் கணக்கையும் எடுத்து வையுங்கள். எழுத்து இல்லாத உங்களுக்கு அதுதான் சாட்சி.

இரண்டு: நோட்டீஸ். கிராம ஊராட்சியில் உள்ள உங்கள் வீட்டுக்கு 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம்தான் பொருந்தும். எழுத்து இல்லாத குடியிருப்பு வாடகை, மாதத்துக்கு மாதம் தொடரும் வாடகையாகவே கருதப்படும். 15 நாள் அவகாசம் கொடுத்து எழுத்தில் நோட்டீஸ் தந்தால் அதை முடிக்கலாம். ஒப்புகை கிடைக்கும்படி தபாலில் அனுப்புங்கள். பாக்கி 15,000 ரூபாயையும் அதில் கேளுங்கள். வாடகை பாக்கிக்கு வழக்குப் போட மூன்று ஆண்டுதான் காலம்.

மூன்று: நோட்டீஸ் காலம் முடிந்த பிறகு, ‘இந்த மாத வாடகை’ என்று அவர்கள் பணம் கொடுத்தால் யோசிக்காமல் வாங்கிவிடாதீர்கள். நோட்டீஸை நீங்களே கைவிட்டதாக அது ஆகிவிடலாம். பழைய பாக்கியா, புது வாடகையா என்பதை ரசீதில் தெளிவாக எழுத வேண்டும். வழக்கறிஞரைக் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

நான்கு: நீதிமன்றத்துக்குப் போகும் முன் வட்ட சட்டப்பணிகள் குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் கூப்பிட்டாலும் வழி சொல்வார்கள். வழக்குப் போடாமலேயே மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் பேசலாம். அங்கே எழுதிக் கையெழுத்தாகும் முடிவு நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது.

என் யோசனை: பாக்கியில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து, இரண்டு மாத அவகாசம் தந்து, காலி செய்யும் தேதியை அங்கே எழுதி வாங்குங்கள். அவர்களுக்கும் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இருக்கலாம். வேறு வீடு தேட நேரம் வேண்டும். வருடக்கணக்கில் வழக்கு நடத்துவதை விட இது உங்களுக்கும் மலிவு. அதற்கும் மசியாவிட்டால் உரிமையியல் நீதிமன்றம்தான் வழி.

நகரத்தில் வீடு இருந்தால்

நகர்ப்புறங்களில் பழைய 1960-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் போய், 2017-ஆம் ஆண்டின் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. இதன்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்ய வேண்டும். இணையத்திலேயே பதியலாம். வேறு விதமாக ஒப்புக்கொள்ளாவிட்டால், முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. பல ஊராட்சிகள் நகராட்சி, மாநகராட்சிகளோடு இணைக்கப்படுகின்றன. உங்கள் ஊர் எதில் வருகிறது என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

புதிதாக வாடகைக்கு விடுவோர் எழுத வேண்டியவை

ஓராண்டுக்கு மேற்பட்ட வாடகை ஒப்பந்தத்தைச் சார்பதிவகத்தில் கட்டாயம் பதிய வேண்டும். அதனால்தான் 11 மாதம் என்று எழுதுகிறார்கள். முத்திரைத்தாளில் இவற்றை எழுதுங்கள்:

• வாடகை, தேதி, முன்பணம், எத்தனை பேர் குடியிருப்பார்கள்
• குடியேறும் நாளில் மின் மீட்டர் காட்டும் எண்
• மோட்டார், மின்விசிறி, குழாய் எத்தனை. பழுதானால் யார் செலவு
• கிணற்றுத் தண்ணீர் எதற்கெல்லாம் எடுக்கலாம்
• வாசலில் உள்ள தென்னை, முருங்கைக் காய் யாருக்கு
• ஆடு, மாடு, கோழி கட்டலாமா
• உள்வாடகைக்கு விடக் கூடாது. இரு பக்கமும் எத்தனை நாள் முன்னறிவிப்பு

தென்னங்காய்க்கெல்லாம் எழுத்தா என்று சிரிக்காதீர்கள். பல வீட்டுச் சண்டை அந்தக் காயில்தான் ஆரம்பிக்கிறது.

“தோட்டத்துச் சாளையை வடமாநிலத் தொழிலாளர்களுக்கு வாடகைக்கு விடலாமா? மோட்டார் இணைப்பிலிருந்து கரண்ட் கொடுக்கலாமா?” - நாமக்கல் மாவட்ட வாசகர்

விடலாம். ஆனால் இலவச விவசாய இணைப்பிலிருந்து கரண்ட் கொடுக்கக் கூடாது. 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டப்படி அது அனுமதியில்லாத பயன்பாடு. பிடிபட்டால் உரிய கட்டணத்தைப் போல் இரண்டு மடங்கு வசூலிப்பார்கள். சாளைக்குத் தனியாக வீட்டு இணைப்பு வாங்குங்கள்.

அடுத்து, சாளையில் பூச்சிமருந்து, களைக்கொல்லி டப்பாக்கள் இருந்தால் எல்லாவற்றையும் அப்புறப்படுத்துங்கள். மருந்து வைத்திருந்த அறையைக் கழுவி, காற்றோட்டமாகச் சில நாள் திறந்து வைத்த பிறகே ஆள் குடியேற வேண்டும். காலி மருந்து டப்பாவில் தண்ணீர் பிடிப்பவர்களும் உண்டு. அதில் உள்ள எச்சரிக்கை அவர்களுக்குப் படிக்கத் தெரியாமல் இருக்கலாம். ஒரு டப்பாவைக்கூட விட்டுவைக்காதீர்கள்.

குடியேறுபவர்களின் ஆதார் நகலையும் ஊர் முகவரியையும் வாங்கிக் காவல் நிலையத்தில் தெரிவித்துவிடுங்கள். அறைக்கு எத்தனை பேர் என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். கழிப்பறை இல்லாத இடத்தில் குடும்பத்தைக் குடிவைக்காதீர்கள்.

வருமான வரி கட்டுபவராக இருந்தால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். இந்த வாடகை விவசாய வருமானம் அல்ல. வீட்டு வருமானமாகக் காட்ட வேண்டும். நீங்கள் கட்டிய வீட்டு வரியைக் கழித்து, மீதியில் 30 சதவீதம் பராமரிப்புக்காகத் தள்ளுபடி உண்டு.

“வாடகை வேண்டாம், மூன்று லட்சம் ரூபாய் போக்கியம் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா?” - திண்டுக்கல் மாவட்ட வாசகர்

போக்கியப் பணம் உங்கள் பணம் அல்ல, திருப்பிக் கொடுக்க வேண்டிய கடன். அதைக் கொட்டி ஆழ்குழாய்க் கிணறு போட்டு, தண்ணீர் வராமல் போனால் என்ன செய்வீர்கள்? பணத்தைத் திருப்பித் தரும் வரை அவர் வீட்டைக் காலி செய்ய மாட்டார். அவர் பக்கம் நியாயமும் இருக்கும். கெடுவுக்குள் முழுத்தொகையையும் திரட்ட வழி இருந்தால் மட்டும் வாங்குங்கள். வீட்டைப் பிணையாகக் கொடுக்கும் போக்கியத்தைச் சார்பதிவகத்தில் பதிந்துகொள்ளுங்கள். வெள்ளைத்தாளில் எழுதினால் இருவருக்குமே பாதுகாப்பில்லை. மாதச் செலவுக்குத்தான் பணம் வேண்டும் என்றால், மாத வாடகையே நல்லது.

அடுத்த இதழில் தென்னை வெள்ளை ஈ பற்றி வந்த கேள்விகளைப் பார்ப்போம்.