பனியிற் கேட்ட மணியோசை

சென்ற கிழமை எமக்குக் கிடைத்த கடிதங்களுள் ஒன்று இரண்டு நாட்களாக எம்மைச் சிந்தனையில் ஆழ்த்திவிட்டது. எழுதியவர் ஒரு தாயார். அவருடைய மகனுக்கு 15 வயது. அவன் பயிலும் கல்லூரியின் மலையேற்ற, பாசறைக் கழகத்தார் வருகிற விடுமுறையில் நேபாள நாட்டுக்குச் சென்று இமயமலை அடிவாரத்திலே சில தினங்கள் நடக்க உத்தேசித்திருக்கிறார்களாம். மகனின் உற்ற நண்பர்கள் நால்வர் பெயர் கொடுத்துவிட்டனர். தந்தையாரோ அனுமதிப் பத்திரத்திற் கையொப்பமிட முடியாதென்கிறார். “கைத்தொலைபேசி இருக்கும்போது என்ன பயம்?” என்பது மகனுடைய வாதம். வீட்டிலே மூன்று நாட்களாகத் தந்தையும் மகனும் பேசிக்கொள்வதில்லை. “நீங்கள் ஒரு வார்த்தை எழுதினால் இருவரும் கேட்பார்கள்” என்று முடித்திருக்கிறார் அவ்வம்மையார். கடிதத்தின் அடியிலே, தாயாருக்குத் தெரியாமற் போலும், பென்சிலால் ஒரு வரி: “ஐயா, போகலாம் என்று எழுதுங்கள்.”

இளைஞர் வீட்டுக்கு வெளியே போய் உலகைப் பார்க்கவேண்டும் என்ற கட்சியைச் சேர்ந்தவர்கள் நாம். அதை மறைக்கவில்லை. ஆயினும் தந்தையாரின் அச்சத்தை வெறும் கோழைத்தனம் என்று தள்ளவும் எமக்கு மனமில்லை. ஆகவே உடனே ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லாமல், முன்னொருகால் தம் ஆசிரியருடன் கடல்கடந்து மலையில் நடக்கப்போன ஒரு பாடசாலைப் பிள்ளைகளின் கதையை இங்கே எழுதுகிறோம். இது நடந்த கதை.

முதலில் இன்னோர் ஆசிரியரைப் பற்றிச் சொல்லவேண்டும். ஜெர்மனியின் ஆல்தெனா என்னும் ஊரிலே றிச்சட் ஷிர்மன் என்றொரு உபாத்தியாயர் இருந்தார். நாற்சுவருக்குள் நடத்தும் பாடம் பாதிப் பாடமே என்று எண்ணித் தம் மாணாக்கரைப் பல நாள் நடைப் பிரயாணங்களுக்கு அழைத்துச் செல்வது அவர் வழக்கம். 1909ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 26ஆந் திகதி அவ்வாறு போகையில் இடியும் மழையும் அவர்களைப் பிடித்துக்கொண்டன. ஒரு கிராமப் பாடசாலையில் ஒதுங்க இடங் கிடைத்தது. வாங்குகளை ஒதுக்கி, வைக்கோலைப் பரப்பிப் பிள்ளைகள் உறங்கினர். ஷிர்மனுக்கு மாத்திரம் உறக்கம் வரவில்லை. விடுமுறையிலே பூட்டிக் கிடக்கும் பாடசாலைகள் நடந்து செல்லும் பிள்ளைகளுக்குத் தங்குமிடங்களாக ஆனால் என்ன என்று அவ்விரவில் அவர் எண்ணினார். அவ்வெண்ணமே 1912இல் ஆல்தெனாக் கோட்டையிலே நிரந்தர விடுதியாக உருவெடுத்து, பின்னர் தேசந்தேசமாகப் பரவிய இளைஞர் விடுதி இயக்கமாயிற்று. இங்கிலாந்திலும் 1930இல் அவ்வியக்கம் தொடங்கியது. ஆனால் 1933இல் இட்லரின் கட்சி ஆட்சியைப் பிடித்ததும், ஜெர்மனியின் விடுதிகளெல்லாம் ‘இட்லர் இளைஞர்’ என்னும் அரசியற் படையின் கைக்கு மாறின.

இனி எம் கதைக்கு வருவோம். 1936ஆம் ஆண்டு உயிர்த்தஞாயிறு விடுமுறையில், தென் இலண்டனிலுள்ள ஸ்ட்ராண்ட் பாடசாலையைச் சேர்ந்த 27 மாணவர், தென்மேற்கு ஜெர்மனியின் கருங்காட்டு மலைப் பிரதேசத்துக்குச் சென்றார்கள். இளையவனுக்கு வயது 12, மூத்தவனுக்கு 17. கூடச் சென்ற ஆசிரியர் ஒருவரே. அவருக்கும் வயது 27தான். ஏப்ரில் 17ஆந் திகதி காலை, பிரைபேர்க் நகர விடுதியிலிருந்து புறப்பட்டு, 1,284 மீற்றர் உயரமான ஷவுயின்ஸ்லாண்ட் மலையைக் கடந்து, அப்பாலுள்ள டொட்னவ்பேர்க் விடுதியை மாலைக்குள் அடைவது திட்டம். விடுதியில் இடம் ஒழுங்கு செய்யப்பட்டிருந்தது. நாட்குறிப்பில் எழுதப்பட்டிருந்தது. ஆகவே புறப்பட்டார்கள்.

அன்று காலையிலேயே பனி பெய்துகொண்டிருந்தது. பலருக்கு அரைக் காற்சட்டை, தலைக்கு ஒன்றுமில்லை, பனியில் நடப்பதற்கேற்ற சப்பாத்துமில்லை. வசந்தகாலம் என்று நம்பி வந்தவர்கள் வேறெதைக் கொண்டுவருவார்கள்? ஆசிரியரிடம் இருந்த தேசப்படத்திலே ஒரு கிலோமீற்றர் நிலம் ஒரு சென்ரிமீற்றராகச் சுருங்கியிருந்தது. ஊரிலிருந்து ஊருக்கு வீதிவழியே போவோர்க்கு அது போதும். வீதியே தெரியாத பனியில், எந்தச் சரிவு நடக்கத்தக்கது, எது செங்குத்து என்பதை அத்தகைய படம் எவ்வாறு காட்டும்?

வழியிலே எச்சரிப்பார் இல்லாமற் போகவில்லை. காட்டுக்குள் இருந்த உணவுச்சாலையின் பெண்மணி தடுத்துச் சொன்னார். அதற்கப்பால், பனியின் மிகுதியால் வேலையை விட்டுத் திரும்பிக்கொண்டிருந்த உள்ளூர்த் தொழிலாளரும் எதிர்ப்பட்டனர். அம்மலையிலே பிறந்து அம்மலையிலே சீவிப்பவர்களே அஞ்சித் திரும்பும் நேரத்தில், அதனை முதன்முறை பார்க்கும் 28 பேர் மேலே ஏறிக்கொண்டிருந்தார்கள்.

இவ்விடத்தில் சற்று நிற்க விரும்புகிறோம். அந்த ஆசிரியர் கொடியவரல்லர், பிள்ளைகளை நேசிக்காதவருமல்லர். அவர் மனத்தில் என்ன ஓடியிருக்கும் என்பதை எம்மால் ஊகிக்க முடிகிறது. இவ்வளவு தூரம் வந்தாயிற்று, இன்னுஞ் சிறிது ஏறினால் உச்சி, அப்பால் இறக்கந்தானே, திரும்பினால் இன்றிரவு எங்கே தங்குவது, நாளைத் திட்டம் என்னாவது, பிள்ளைகள் என்ன நினைப்பார்கள்? கலியாண வீட்டுக்குப் போகிற பஸ்ஸிலே, மழைவெள்ளம் பாலத்தை மூடியிருப்பதைக் கண்டும் “மெல்லப் போகலாம்” என்று சாரதியைத் தூண்டுகிறோமே, அதே மனந்தான்.

மாலையாகும்போது ‘சுவர்’ என்றே அவ்வூரார் பெயரிட்டிருக்கும் ஒரு செங்குத்தான சரிவிலே அவர்கள் ஆழப் பனியில் ஏறிக்கொண்டிருந்தனர்.

குளிர் மனிதனைக் கொல்லும் விதம் எம்மவர் பலருக்குத் தெரியாது. யாழ்ப்பாணத்திலே மார்கழிப் பனிக்குச் சால்வை போர்த்தால் போதும். சிவனொளிபாத மலையில் விடியற்காலையில் நின்று பற்கள் அடித்தவர்களுக்குச் சிறிது தெரியும். உயரம் கூடக் கூட வெப்பம் குறையும். ஆயிரம் மீற்றருக்கு ஏறக்குறைய 6 பாகை என்று கொள்ளலாம். அதனினும் கொடியவை ஈரமும் காற்றும். நீர் காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் விரைவாக வெப்பத்தைக் கடத்துமாதலால், நனைந்த உடுப்பு போர்வையாக இராது உடற்சூட்டை வெளியே இறைத்துவிடும். உடலின் சூடு 37 பாகையிலிருந்து 35க்குக் கீழே இறங்குமாயின் அபாயம் தொடங்குகிறது. முதலில் நடுக்கம், பின் கால் தடுமாறும், பேச்சுக் குழறும். நன்றாகப் பேசிக்கொண்டு வந்த பிள்ளை சிடுசிடுக்கும், அல்லது மௌனமாகும். இறுதியில் நடுக்கம் நின்றுவிடும். ‘இவனுக்குக் குளிர் விட்டுவிட்டது’ என்று அறியாதவர் நினைப்பார்கள். உண்மையில், நடுங்குவதற்கும் உடலிற் பலமில்லாத நிலை அது.

பிள்ளைகளுள் முதலிற் சோர்ந்து வீழ்ந்தோருள் ஒருவன் ஜாக் ஈற்றன் என்னும் 14 வயதுச் சிறுவன். அவன் பாடசாலையிலே குத்துச்சண்டையிற் பெயர்பெற்றவன். பலசாலி முன்னே விழுவானென்று யார் எதிர்பார்ப்பார்? பெரிய மாணவர்கள் சிறியவர்களைத் தூக்கியும் இழுத்தும் சென்றனர். தம்முயிரைப் பார்த்து ஓடாமல், நண்பனைத் தோளில் ஏற்றிய அப்பிள்ளைகளை நினைக்குந்தோறும் எம் கண்கள் கலங்குகின்றன.

அப்போது, இருளும் புயலும் சேர்ந்த அவ்வெளியில், எங்கோ கீழிருந்து ஒரு மணியோசை கேட்டது. ஹொவ்ஸ்குறுண்ட் என்னும் சிற்றூரின் தேவாலயத்திலே அடித்த மாலை மணி அது. திசையற்று நின்றவர்களுக்கு அதுவே திசை. வலுவோடிருந்த சில மாணவர் ஓசை வந்த பக்கமாக இறங்கி ஒரு குடியானவன் வீட்டுக் கதவைத் தட்டினர். மொழி விளங்காவிட்டாலும் செய்தி விளங்கிற்று. ஊரவர் பனிச்சறுக்குக் கட்டைகளைக் காலிற் பூட்டி, விளக்குகளையும் சறுக்கு வண்டிகளையும் எடுத்துக்கொண்டு மலையேறினர். பனியிற் புதைந்து கிடந்தவர்களை ஒவ்வொருவராகத் தேடிக் கொணர்ந்து, அடுப்படியிலே கிடத்திக் கைகால்களைத் தேய்த்துச் சூடேற்றினர். 22 மாணவரும் ஆசிரியரும் பிழைத்தனர். ஈற்றன் உட்பட ஐவர் பிழைக்கவில்லை. ஐவருள் ஒருவன் 12 வயதுப் பாலகன்.

அதன் பின் நடந்தது வேறு வகையான துயரம். ஆறு வாரங்களுக்கு முன்னரே, மார்ச் 7ஆந் திகதி, இட்லரின் சேனை உடன்படிக்கையை மீறி றைன் பிரதேசத்துட் புகுந்திருந்தது. ஆகஸ்டிலே பெர்லினில் ஒலிம்பிக் விளையாட்டு நடைபெறவிருந்தது. உலகத்தின் நல்லெண்ணம் அவ்வரசுக்கு வேண்டியிருந்தது. ஆகவே பெட்டிகளிற் கிடந்த பிள்ளைகளுக்கு இட்லர் இளைஞர் படையினர் அணிவகுத்துக் காவல் நின்றனர். மாலைகள், கொடிகள், படப்பிடிப்புகள் எல்லாம் நடந்தன. இரவெல்லாம் பனியில் அலைந்த குடியானவர்கள் பின்னுக்குத் தள்ளப்பட்டார்கள். 1938இல் அவ்வூரின் மேலே அப்படையினர் ஒரு பெரிய நினைவுச் சின்னமும் கட்டினார்கள். அடுத்த வருடமே இரு நாடுகளும் யுத்தத்தில் இறங்கின. சின்னம் இன்றும் நிற்கிறது.

அப்பெரிய கல்லைவிட, அம்மலையில் உள்ள ஒரு சிறிய கல்லே எம்மைக் கூடுதலாக வாட்டுகிறது. ஈற்றனின் தந்தையார் தம் மைந்தன் நினைவாக அங்கே நாட்டியது அது. நேரே அவ்விடத்துக்குப் போய், வழியைப் பார்த்து, ஊராரை விசாரித்து, எச்சரிக்கைகள் இருந்தன என்பதை அவர் அறிந்துகொண்டார். ஆசிரியரைப் பொறுப்புச் சொல்ல வைக்கவேண்டும் என்று போராடினார். ஜெர்மனியிலும் இங்கிலாந்திலும் விசாரணைகள் நடந்தன. எங்கும் ஆசிரியர் மீது குற்றங் காணப்படவில்லை. இரு அரசாங்கங்களும் அழகிய துக்கத்தை விரும்பின. அசௌகரியமான கேள்வியை விரும்பவில்லை. அந்தக் கேள்விக்கு மாத்திரம் பதில் இல்லாமற் போய்விட்டது: திரும்பச் சொன்ன இடத்தில் ஏன் திரும்பவில்லை?

பிற்காலத்தில் இங்கிலாந்து இதிலே சில படி முன்னேறியது. 1993ஆம் ஆண்டு மார்ச் மாதம் லைம் குடாவில் சிறு தோணிகளிலே சென்ற மாணவர் நால்வர் மாண்டபின், பெற்றோரின் விடாமுயற்சியால், இளைஞரை இத்தகைய பயிற்சிகளுக்கு அழைத்துச் செல்லும் நிலையங்கள் அனுமதிப் பத்திரம் பெறவேண்டுமென 1995இல் சட்டம் இயற்றப்பட்டது. அங்கும் பிள்ளைகள் போவது நிற்கவில்லை. கொண்டுபோகும் முறை திருந்தியது.

அம்மையீர், இப்போது உங்கள் கடிதத்துக்கு வருகிறோம். கையொப்பமிடுமுன் உங்கள் கணவர் கல்லூரிக்கு நேரே போகட்டும். ‘ஆபத்து ஒன்றுமில்லையே?’ என்று கேட்கவேண்டாம். எல்லாரும் ‘இல்லை’ என்றே சொல்வார்கள். ‘நாளொன்றுக்கு எத்தனை மணிக்கு, எவ்விடத்தை அடையாவிட்டால் திரும்புவீர்கள்? அதைத் தீர்மானிப்பவர் யார்? அவ்வூர் வழிகாட்டி திரும்பு என்றால் ஆசிரியர் மறுத்துச் சொல்ல முடியுமா? ஒரு பிள்ளை நோயுற்றால் அவனோடு இறங்குவதற்கு இரண்டாவது ஆசிரியர் உண்டா? குறித்த விடுதியை அடையாவிட்டால் அன்றிரவுக்கு எங்கே இடம்?’ என்று கேட்கட்டும். உயரம் ஏறும்போது உண்டாகும் தலையிடிக்கும் வாந்திக்கும் இறங்குவதே முதன் மருந்து என்பது அழைத்துச் செல்பவருக்குத் தெரியுமா என்றும் விசாரிக்கட்டும். பொறுப்பாசிரியர் கோபியாமல், கடதாசியில் எழுதிவைத்ததை எடுத்துக் காட்டினாராயின் கையொப்பமிடலாம் என்பது எம் அபிப்பிராயம். ‘அதெல்லாம் அங்கே போய்ப் பார்த்துக்கொள்வோம்’ என்று சிரித்தாராயின், உங்கள் கணவரின் பிடிவாதத்தில் நியாயம் இருக்கிறது. எதுவாயினும், மகனையும் கூட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கள். மூன்று நாள் மௌனத்துக்கு அந்தப் பஸ் பிரயாணமே போதிய மருந்தாகலாம்.

பென்சிலால் எழுதிய தம்பிக்கும் ஒன்று சொல்லவேண்டும். கைத்தொலைபேசி நல்லதே. ஆனால் குளிரில் அதன் மின்கலம் விரைவில் ஓய்ந்துவிடும். மலையிடுக்கிலே தொடர்பும் கிடையாது. அதற்கு மேலாக, கம்பளித் தொப்பி ஒன்று, மழைச்சட்டை ஒன்று, நீர் புகாத பையிலே ஒரு சோடி மாற்று மேசு, இவற்றை வைத்துக்கொள். உன் நால்வரில் ஒருவன் திடீரென்று பேச்சைக் குறைத்துக்கொண்டால், அவன் கோபித்துக்கொண்டான் என்று விட்டுவிடாதே. அவன் கையைத் தொட்டுப் பார். உடனே ஆசிரியரிடம் சொல். உனக்கே முடியவில்லையென்றால் அதையும் வெட்கப்படாமற் சொல். போய்வந்ததும் எமக்கு ஒரு கடிதம் எழுது. இம்முறை பேனாவால் எழுதலாம்.