சரியான எதிரி, தப்பான சண்டை

ஆபீஸ் வேலையா மூணு வாரம் போலந்து போயிருந்தேன் மக்களே. க்ராக்கோவ் நகரம். தினமும் ரொட்டி, உருளைக்கிழங்குன்னு ஓட்டின சோகக்கதைக்குத் தனிப் பதிவு போடணும், அது அப்புறம். ஒரு ஞாயித்துக்கிழமை கூட வேலை பாக்குற போலந்துக்காரர் ஒருத்தர் வாவெல் கோட்டையைச் சுத்திக் காட்டக் கூட்டிட்டுப் போனார். "இந்தக் கோட்டைக்குள்ள ஒரு தடவை எங்காளுங்க சாக்கடை வழியாப் பூந்து ரஷ்யாக்காரன்கிட்டேருந்து புடிச்சாங்க, தெரியுமா?"ன்னு கேட்டார். நான் திருதிருன்னு முழிச்சேன்.

நடந்தது 1772 பிப்ரவரியில. ஷுவாசின்னு ஒரு பிரெஞ்சு அதிகாரி தலைமையில ஒரு சின்னப் படை ராத்திரியோட ராத்திரியா கழிவுநீர்ப் பாதை வழியா உள்ளே போய்க் கோட்டையைப் பிடிச்சிருக்கு. ஏப்ரல் வரைக்கும் தாக்குப் பிடிச்சு அப்புறம் சரணடைஞ்சிட்டாங்க. "அப்ப அவங்க உங்க ஹீரோக்களா?"ன்னு கேட்டேன். "அதுதான் எங்களுக்கே இன்னும் முடிவாகலை"ன்னு சிரிச்சார்.

ரூமுக்கு வந்து படிக்க ஆரம்பிச்சவன் விடியக்காலை வரைக்கும் தூங்கலை. பார் கூட்டமைப்புன்னு பேரு. இப்போ உக்ரைன்ல இருக்கிற பார் என்கிற ஊர்ல 1768 பிப்ரவரி 29 அன்னிக்கு போலந்துப் பிரபுக்கள் கூடி சத்தியம் பண்ணி ஆரம்பிச்ச ஆயுதக் கிளர்ச்சி. நாலு வருஷம் ஓடியிருக்கு.

அவங்க கோவத்துல நியாயம் இருந்துச்சு, அதை முதல்லயே சொல்லிடறேன். 1764ல போலந்துக்கு ராஜாவானவர் போனியாடோவ்ஸ்கி. ரஷ்ய மகாராணி கேத்தரினோட முன்னாள் காதலர். அவங்க ஆதரவுலதான் நாற்காலியே கிடைச்சது. வார்சாவுல நிஜ அதிகாரம் ரஷ்யத் தூதர் ரெப்னின் கையில. 1767ல நாடாளுமன்றம் நடக்கும்போது, எதிர்த்துப் பேசின க்ராக்கோவ் பிஷப் சோல்டிக் உட்பட நாலு பேரை ரஷ்யப் படை தூக்கிட்டுப் போய் கலூகாவுல வச்சிருச்சு. வேற நாட்டு நாடாளுமன்றத்துல இருந்து! அவங்க திரும்பி வர 1773 ஆச்சு. தன்மானம் உள்ளவன் எவனும் இதைப் பாத்துட்டு சும்மா இருக்க மாட்டான்.

சரி, மிரட்டி அப்படி என்ன சட்டம் போட்டாங்க? இங்கதான் விஷயமே இருக்கு. அந்தப் பொட்டலத்துல ரெண்டு சமாச்சாரம் இருந்துச்சு.

ஒண்ணு, மதச் சிறுபான்மை உரிமை. போலந்துல கத்தோலிக்கர்கள்தான் பெரும்பான்மை. புராட்டஸ்டண்ட், ஆர்த்தடாக்ஸ் பிரபுக்கள் நாடாளுமன்ற உறுப்பினர் ஆகக்கூடாது, அரசுப் பதவிக்கு வரக்கூடாதுன்னு 1730கள்ல தடை போட்டு வச்சிருந்தாங்க. அதை எடுக்கணும்னு கேத்தரின் சொன்னாங்க.

ரெண்டாவது, லிபெரும் வீட்டோ. நாடாளுமன்றத்துல ஒரே ஒரு உறுப்பினர் எழுந்து "ஒத்துக்க மாட்டேன்"னு சொன்னா போதும், அந்தக் கூட்டத்துல நிறைவேறின அத்தனையும் காலி. நம்ம ஆளுங்களுக்குப் புரியற மாதிரி சொல்லணும்னா, டீம்ல நேத்து சேர்ந்த ஒருத்தன் பட்டனை அமுக்கினா மொத்த ரிலீஸும் பழையபடி போயிரும். அப்படி ஒரு ப்ராஜக்ட் விளங்குமா? 1766ல இதைக் கொஞ்சம் திருத்தலாம்னு ராஜா பக்கத்து ஆளுங்க முயற்சி பண்ணினப்போ ரஷ்யாவும் பிரஷ்யாவும் சேர்ந்து மிரட்டி நிறுத்தினாங்க. 1768ல, இந்த வீட்டோவை யாரும் தொடக்கூடாது, அதுக்கு ரஷ்யாவே உத்தரவாதம்னு எழுதி வாங்கிட்டாங்க. பக்கத்து வீடு உருப்படாம இருக்கணும்னா இதைவிட மலிவான வழி உண்டா?

ஆக ஒரே பொட்டலத்துல ஒரு மருந்து, ஒரு விஷம். பார் பிரபுக்கள் என்ன பண்ணினாங்க? "மதமும் சுதந்திரமும்"னு முழக்கம் போட்டு மருந்துக்கு எதிரா வாளை எடுத்தாங்க. விஷத்தைத் தங்களோட பொன்னான சுதந்திரம்னு கொண்டாடினாங்க. எதிரியைச் சரியாத்தான் அடையாளம் கண்டாங்க. அவன் கொண்டு வந்ததுல எதை எதிர்க்கணும்கிறதுலதான் கோட்டை விட்டாங்க. இதுதான் என் கட்சி.

"அப்ப கேத்தரின் நல்லவங்களா?"ன்னு சண்டைக்கு வராதீங்க. அதே 1768ல உக்ரைன் பக்கம் ஆர்த்தடாக்ஸ் விவசாயிகளும் கொசாக்குகளும் பிரபுக்களுக்கு எதிரா எழுந்தாங்க. உமான் நகரத்துல போலந்துக்காரங்க, யூதர்கள்னு ஆயிரக்கணக்கான பேரைக் கொன்னாங்க. கொடூரம். அந்த எழுச்சியை அடக்கினதுல ரஷ்யப் படைக்கும் பங்கு உண்டு. ஆர்த்தடாக்ஸ் மக்களைக் காப்பாத்த வந்தேன்னு சொன்ன அதே ரஷ்யாதான். அவங்களுக்கு உரிமையெல்லாம் ஒரு சாவி, அவ்வளவுதான். கதவு திறந்ததும் சாவி எங்க கிடந்தா என்ன?

அந்தக் காலத்துப் பெரிய மூளைகளே இதுல ரெண்டாப் பிரிஞ்சு நின்னாங்க. வால்டேர் மத சகிப்புத்தன்மையைப் பாத்துட்டு கேத்தரினுக்கு ஜே போட்டார். ரூசோ, கூட்டமைப்பு ஆளுங்க கேட்டுக்கிட்டதால போலந்தோட ஆட்சிமுறை பத்தி ஒரு நூலே எழுதினார். ஆளுக்குப் பாதிதான் கண்ணுக்குத் தெரிஞ்சிருக்கு.

முடிவு தெரிஞ்சதுதான். 1771 நவம்பர்ல ராஜாவையே கடத்தப் பாத்தாங்க, அவர் தப்பிச்சிட்டார். அதோட ஐரோப்பாவுல இருந்த அனுதாபமும் போச்சு. 1772 ஆகஸ்ட்ல ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா மூணும் சேர்ந்து நாட்டுல கிட்டத்தட்ட 30 சதவீத நிலத்தைப் பிச்சுக்கிச்சு. கிளர்ச்சித் தளபதி காசிமிர் புலாஸ்கி அமெரிக்காவுக்குப் போய், அந்த நாட்டு விடுதலைப் போர்ல 1779ல உயிரை விட்டார். 1791ல ஒருவழியா புது அரசியல் சட்டம் போட்டு வீட்டோவை ஒழிச்சாங்க. உடனே 1792ல வேற சில பிரபுக்கள் "பழைய சுதந்திரம் போச்சே"ன்னு கேத்தரினையே வெத்தலை பாக்கு வச்சு அழைச்சாங்க. 1795ல போலந்தே வரைபடத்துல இல்லை. திரும்ப வந்தது 1918ல.

1768லயே வீட்டோவை ஒழிச்சு, சிறுபான்மைக்குத் தாங்களே உரிமை குடுத்திருந்தா நாடு பிழைச்சிருக்குமா? பிழைச்சிருக்கும்னு நான் அடிச்சுச் சொல்ல மாட்டேன். 1791ல திருந்தினதுக்குக் கிடைச்ச பரிசே படையெடுப்புதானே. ஆனா எதிரி கையில இருந்த அந்த சாவியையாவது பிடுங்கியிருக்கலாம். சொந்த வீட்டு ஆளுங்க நியாயம் கேட்டு அடுத்தவன் வாசல்ல போய் நிக்காம இருந்திருப்பாங்க.

இது ஏன் என்னைத் தூங்க விடலைன்னு சொல்றேன். முன்னாடி ஒரு ப்ராஜக்ட்ல, எங்ககிட்டேருந்து வேலையைப் பிடுங்கி வேற கம்பெனிக்குக் குடுக்கக் காரணம் தேடிட்டிருந்த ஒரு க்ளையண்ட் மேனேஜர், "உங்க காண்ட்ராக்ட் டெஸ்டர்களுக்கு மட்டும் ஏன் ராத்திரி கேப் இல்லை?"ன்னு மீட்டிங்ல கேட்டார். எங்களுக்கெல்லாம் பொத்துக்கிட்டு வந்துச்சு. எங்க டீம் விஷயத்துல இவன் யாருன்னு ஒத்துமையா பொங்கினோம். அதிகமா குதிச்சது நான்தான். மீட்டிங் முடிஞ்சதும் ஒரு டெஸ்டர் பொண்ணு மெதுவா வந்து, "அண்ணா, அவர் கெட்ட எண்ணத்துலதான் கேட்டார். ஆனா கேட்டது பொய் இல்லையே?"ன்னு சொல்லிட்டுப் போச்சு.

அன்னிக்கு என்கிட்ட பதில் இல்லை. ப்ராஜக்ட் எப்படியும் கைவிட்டுப் போச்சு. கேப் மட்டும் கடைசி வரைக்கும் வரலை.

டிஸ்கி: இதுல உள்குத்து ஏதாவது இருக்கான்னு பூதக்கண்ணாடி வச்சுத் தேடாதீங்க. முழுக்க முழுக்க போலந்து மேட்டர்தான். திட்டறவங்க வாங்க, ஆனா முழுசாப் படிச்சிட்டுத் திட்டுங்க :-)